ஜாய்ஸ்டிக்கில் ஒரு டிக், விமானத்தில் ஒரு போல்ட்

கிட் விமானத்தின் கண்ட்ரோல் லிங்கேஜ்: எக்ஸெல் தெரிந்த வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஓர் அறிமுகம்

ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டும் நண்பர்களுக்கு இது பழகிய விஷயம். புது ஜாய்ஸ்டிக்கை யு.எஸ்.பி. போர்ட்டில் செருகுகிறீர்கள். ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்தால் திரையில் விமானம் வலது பக்கம் சாய்கிறது. உடனே செட்டிங்ஸ் பகுதிக்குப் போய், அந்த அச்சுக்கு எதிரே உள்ள 'ரிவர்ஸ்' என்ற சின்னக் கட்டத்தில் ஒரு டிக் செய்கிறீர்கள். அவ்வளவுதான். அதற்குள் விமானம் தரையில் மோதியிருந்தாலும் கவலை இல்லை, மறுபடி ஆரம்பிக்கலாம்.

நிஜ விமானத்திலும் இந்த 'ரிவர்ஸ்' கட்டம் இருக்கிறது. ஆனால் அது திரையில் இல்லை. ஒரு போல்ட்டை எந்தத் துளையில் போடுகிறோம், ஒரு கேபிள் கப்பியின் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறது என்பதில் இருக்கிறது. அங்கே தப்பாக 'டிக்' செய்துவிட்டால் மறுபடி ஆரம்பிக்க வாய்ப்பு கிடைப்பது அபூர்வம்.

ஸ்டிக்குக்கும் இறக்கைக்கும் நடுவே என்னதான் இருக்கிறது? சிமுலேட்டரில் நடுவே இருப்பது ஓர் எண் மட்டுமே. நிஜத்தில் அங்கே குழாய், கேபிள், கப்பி, போல்ட் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தேடிப் படித்ததையும், உப்பளத்தில் என் வீட்டு மேஜையிலேயே எக்ஸெலிலும் ப்ளைவுட்டிலும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் விமானமா?

ஆமாம், விமானத்தை வீட்டிலேயே கட்டுபவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பாகங்கள் பெட்டியில் வரும், வரைபடம் கூடவே வரும். வாங்கியவர் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட விமானத்துக்கு அனுமதி கிடைக்க, கட்டும் வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்கள் தங்கள் கையாலேயே செய்திருக்க வேண்டும். '51 சதவீத விதி' என்று இதைச் சொல்வார்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு கிட் தயாரிப்பாளர் உண்டு. ஜோயல் கோஷ்லின் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய 'ராஜ் ஹம்சா அல்ட்ராலைட்ஸ்' பெங்களூரில் இருக்கிறது. அலுமினியக் குழாய்களைப் போல்ட் போட்டு இணைத்து, மேலே டேக்ரான் துணி போர்த்திய 'எக்ஸ்-ஏர்' என்ற இரண்டு இருக்கை விமானம் இவர்களுடையது. இது பிரான்ஸ், பிரிட்டன் போன்ற நாடுகளுக்கு கிட்டாக ஏற்றுமதியானது. பிரான்சில் உறவினர்கள் உள்ள புதுச்சேரி வாசகர்கள் அங்கே 'யு.எல்.எம்.' என்று அழைக்கப்படும் குட்டி விமானங்களைப் பார்த்திருக்கலாம். அவற்றில் சில பெங்களூரில் பிறந்தவை!

ஆலப்புழையைப் பூர்வீகமாகக் கொண்ட அசோக் தாமரக்ஷன், பிரிட்டனில் இருந்தபடி தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் 'ஸ்லிங் டி.எஸ்.ஐ.' கிட்டை வாங்கி, நான்கு இருக்கை விமானத்தைக் கட்டி முடித்தார். 2022-ல் அது பறந்தது. 'ஜி-தியா' என்று மகளின் பெயரையே வைத்தார். மும்பையில் விமானி அமோல் யாதவ் கிட் இல்லாமலே, சார்கோப் பகுதியில் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2016 பிப்ரவரியில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017 நவம்பரில் டி.ஜி.சி.ஏ.விடம் பதிவு எண் கிடைத்தது. நடுவே அவர் பல வருடங்கள் அலைய வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

லிங்கேஜ் என்றால் என்ன?

சிறிய விமானத்தில் மூன்று கண்ட்ரோல்கள். இறக்கையின் பின் விளிம்பில் இருப்பது ஏலரான், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். வாலில் படுக்கையாக இருப்பது எலிவேட்டர், மூக்கை ஏற்றி இறக்கும். வாலில் நிமிர்ந்து நிற்பது ரட்டர், மூக்கை இடம் வலமாகத் திருப்பும். முதல் இரண்டும் கையில் உள்ள ஸ்டிக்குக்கும், மூன்றாவது காலில் உள்ள பெடலுக்கும் கட்டுப்பட்டவை.

இந்த அசைவை எடுத்துச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புஷ்ராட். இது ஓர் அலுமினியக் குழாய், தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். இன்னொன்று கேபிள். இது இழுக்க மட்டுமே செய்யும், அதனால் ஜோடியாகத்தான் போட வேண்டும். சைக்கிளில் கம்பி பிரேக்கும் கேபிள் பிரேக்கும் பார்த்திருப்பீர்களே, அதே வித்தியாசம்தான். அமெரிக்காவின் புகழ்பெற்ற 'வான்ஸ்' ஆர்.வி. வகை கிட்களில் ஏலரானுக்கும் எலிவேட்டருக்கும் புஷ்ராட், ரட்டருக்குக் கேபிள்.

அசைவின் திசையை மாற்ற 'பெல்கிராங்க்' என்ற தகடு இருக்கிறது. ஒரு மூலையில் அச்சு, இரண்டு கைகள். ஒரு கையைத் தள்ளினால் மற்றக் கை வேறு திசையில் நகரும். பழைய வீடுகளில் அழைப்பு மணியின் கம்பியை மூலையில் திருப்ப இப்படி ஒரு தகடு வைப்பார்கள். அதிலிருந்து வந்ததுதான் இந்தப் பெயர்.

புஷ்ராட்: ஓர் எக்ஸெல் கணக்கு

இனி கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் பயன்படுத்தலாம்.

ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை இரண்டு முனைகளிலும் பிடித்து இழுத்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நடுவில் வளைந்துகொள்ளும். புஷ்ராட்டின் பிரச்சினையும் இதுதான். எவ்வளவு சுமையில் வளையும் என்பதற்கு ஆய்லர் என்ற கணித மேதை 18-ம் நூற்றாண்டிலேயே ஃபார்முலா தந்துவிட்டார்.

முதல் செல்லில் குழாயின் வெளிவிட்டம் 25 மி.மீ., இரண்டாவதில் உள்விட்டம் 22 மி.மீ. என்று கொடுங்கள். மூன்றாவதில் வெளிவிட்டத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழித்து, பையால் பெருக்கி, 64-ஆல் வகுங்கள். 7,676 என்று வரும். நான்காவதில் அலுமினியத்தின் விறைப்பு மதிப்பு 69,000. ஐந்தாவதில் நீளம், மில்லிமீட்டரில். கடைசி செல்லில் பையின் வர்க்கம், விறைப்பு, மூன்றாவது செல் ஆகிய மூன்றையும் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள். விடை நியூட்டனில் வரும். 9.81-ஆல் வகுத்தால் கிலோ.

நீளத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்:

3,000 மி.மீ. – 59 கிலோ
1,500 மி.மீ. – 237 கிலோ
1,250 மி.மீ. – 341 கிலோ

குழாய் அதேதான். நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சுமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

சரி, எவ்வளவு சுமை வரும்? 2017-க்கு முன்பிருந்த அமெரிக்கச் சிறு விமான விதிகளில், எலிவேட்டர் ஸ்டிக்கில் விமானியின் கைவிசை குறைந்தது 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ என்று வைத்துக் கணக்கிட வேண்டும். ஆபத்து நேரத்தில் மனிதன் மெதுவாக இழுப்பதில்லை அல்லவா! ஸ்டிக்கின் பிடி அச்சுக்கு மேலே 500 மி.மீ., புஷ்ராட் மாட்டும் இடம் அச்சுக்குக் கீழே 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் கணக்கில் ஐந்து மடங்கு. புஷ்ராட்டில் வருவது சுமார் 227 கிலோ. பாதுகாப்புக்காக இதை 1.5-ஆல் பெருக்குவது வழக்கம், 340 கிலோ ஆகிவிடும்.

இப்போது பட்டியலை மறுபடி பாருங்கள். 3 மீட்டர் ஒற்றைக் குழாய் இதில் கால்வாசிகூடத் தாங்காது. ஒன்றரை மீட்டரும் போதாது. 1,250 மி.மீ. மட்டும் தேறுகிறது. அதனால்தான் ஸ்டிக்கிலிருந்து வால் வரை நீளமான ஒரே குழாயைப் போடாமல், நடுவே ஆடும் தாங்கிகளை வைத்துத் துண்டு துண்டாகக் கொண்டுபோகிறார்கள். வரைபடத்தில் உள்ள அந்த நடுத் தாங்கியைப் பார்த்து, 'இது எதற்கு வீண் எடை' என்று எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஆறு செல்களே சொல்லிவிடும்.

ஓர் எச்சரிக்கை. இது புரிந்துகொள்வதற்கான கணக்கு மட்டுமே. கிட் தயாரிப்பாளரின் வரைபடம் எதைச் சொல்கிறதோ அதையே செய்ய வேண்டும்.

பெல்கிராங்க்: 30 டிகிரி ரகசியம்

வலது பக்கம் திரும்பும்போது இடது ஏலரான் கீழே இறங்கும், வலது ஏலரான் மேலே எழும். கீழே இறங்கிய பக்கம் காற்றின் தடை அதிகம். அதனால் மூக்கு திரும்ப வேண்டிய திசைக்கு எதிராக இழுபடும். இதைக் குறைக்க, ஏலரான் மேலே போகும் அளவைக் கூட்டி, கீழே இறங்கும் அளவைக் குறைக்கிறார்கள். ஒரே பெல்கிராங்க் இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்பும்போது இது எப்படிச் சாத்தியம்?

எக்ஸெலில் பார்த்துவிடலாம். பெல்கிராங்க் கை 60 மி.மீ. நீளம். அது புஷ்ராட்டுக்குச் சரியாகச் செங்குத்தாக நின்றால், இரண்டு பக்கமும் 20 டிகிரி திரும்பும்போது புஷ்ராட் இரண்டு பக்கமும் 20.5 மி.மீ. நகரும். இதே கையை முதலிலேயே 30 டிகிரி சாய்த்து வைத்துவிடுங்கள். இப்போது ஒரு பக்கம் 50 டிகிரியின் சைனிலிருந்து 30 டிகிரியின் சைனைக் கழித்து 60-ஆல் பெருக்க, 16.0 மி.மீ. மறுபக்கம் 30-ன் சைனிலிருந்து 10-ன் சைனைக் கழித்து 60-ஆல் பெருக்க, 19.6 மி.மீ. கூடுதல் பாகம் எதுவும் இல்லாமல், சாய்த்து வைத்ததாலேயே வித்தியாசம் வந்துவிட்டது. எக்ஸெலின் சைன் ஃபங்ஷன் ரேடியனில்தான் கணக்கிடும், டிகிரியை ரேடியனாக மாற்றிய பிறகே கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ப்ளைவுட்டில் ஒரு பெல்கிராங்க் வெட்டி, ஆணியில் மாட்டி, ஸ்கேலை வைத்து அளந்தேன். திரையில் வந்த எண்களுக்கு அரை மில்லிமீட்டருக்குள் இருந்தது. அந்தத் தகட்டையே தலைகீழாகத் திருப்பி மாட்டினால் 16-ம் 19.6-ம் இடம் மாறிவிடுகின்றன. பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரிகிறது! இடது, வலது பாகங்கள் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் கிட்டில் எண் எழுதி வைப்பது ஏன் முக்கியம் என்பது அப்போது புரிந்தது.

கேபிளும் கடற்காற்றும்

சிறு விமானங்களில் அதிகம் பயன்படும் கேபிள் 3.2 மி.மீ. தடிமன் கொண்டது. 19 மெல்லிய கம்பிகளை முறுக்கி ஓர் இழை, அப்படி ஏழு இழைகள். மொத்தம் 133 கம்பிகள்! நாகப் பூச்சுள்ள ரகம் சுமார் 900 கிலோ தாங்கும். எவர்சில்வர் ரகம் சற்றுக் குறைவு, சுமார் 800 கிலோ. ஆனால் துருவை நன்றாகத் தாங்கும்.

உப்பளம் என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடல் பக்கத்தில்தான். என் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போடும் நாகப் பூச்சுக் கம்பியில் முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு பழுப்புத் துரு வரும். இதே பூச்சுள்ள கேபிள் விமானத்தின் இருட்டான வயிற்றுக்குள் இருந்தால் யார் பார்ப்பது? அதனால் கேபிளின் மீது ஒரு துணியைச் சுற்றி முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அறுந்த கம்பி இருந்தால் துணியில் மாட்டும். வெறும் கையால் தடவினால் ரத்தம் வரும். முக்கியமாகக் கப்பியைச் சுற்றி வளையும் இடத்தில் பார்க்க வேண்டும், கம்பிகள் பெரும்பாலும் அங்கேதான் அறுகின்றன.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீளும். 4 மீட்டர் அலுமினிய உடம்பில் எஃகு கேபிள் போட்டு, காலையிலிருந்து மதியத்துக்குள் 20 டிகிரி ஏறினால், உடம்பு கேபிளைவிடச் சுமார் 0.9 மி.மீ. அதிகம் நீளும். கேபிள் இறுகும். குளிர்ந்தால் தளரும். ஆகவே டர்ன்பக்கிளைத் திருகி விறைப்பை அமைக்கும்போது அன்றைய வெப்பநிலையையும் குறித்து வைக்க வேண்டும். டர்ன்பக்கிளின் உருளைக்கு வெளியே மூன்று மரைகளுக்கு மேல் தெரியக் கூடாது. அமைத்து முடித்ததும் தானாகக் கழலாதபடி சேஃப்டி ஒயர் கட்ட வேண்டும்.

சின்னப் பாகங்கள், பெரிய விதிகள்

புஷ்ராட்டின் முனையில் திருகும் 'ராட் எண்ட்' பேரிங்கை எவ்வளவு உள்ளே திருக வேண்டும்? பல குழாய்களில் இதற்கென்றே ஒரு சிறு துளை இருக்கும். அதில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பி முட்டி நின்றால் மரை போதுமான ஆழம் போயிருக்கிறது. தடையில்லாமல் உள்ளே போனால் போதவில்லை.

ராட் எண்டுக்குள் இருக்கும் குண்டு ஒருநாள் தேய்ந்து கழன்று விழலாம். அப்போதும் குழாய் போல்ட்டை விட்டு வெளியே வராமல் இருக்க, பக்கத்தில் ஓர் அகலமான வாஷர் போடுவார்கள். சில கிராம் எடை, ஆனால் இரண்டாவது உயிர்.

போல்ட் சுழலக்கூடிய இணைப்பில் நைலான் வைத்த நட்டை மட்டும் நம்பக் கூடாது. அங்கே தலையில் பள்ளம் வெட்டிய காசில் நட்டும், அதன் குறுக்கே காட்டர் பின்னும் தேவை. மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ அப்படி. ஒருமுறை வளைத்த காட்டர் பின்னை மறுபடி பயன்படுத்தக் கூடாது. போல்ட்டின் தலை மேல்பக்கமாகவோ முன்பக்கமாகவோ இருக்க வேண்டும் என்பதும் பழைய வழக்கம். நட் கழன்றுவிட்டாலும் போல்ட் தன் எடையால் துளையிலேயே நிற்கும்.

தலைகீழாக மாட்டியவர்கள்

இதெல்லாம் புதியவர்களுக்குத்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

1947 ஆகஸ்ட் 23. இங்கிலாந்தில் 'ஆவ்ரோ ட்யூடர் 2' சோதனை விமானம் புறப்பட்டவுடன் விழுந்தது. பராமரிப்பின்போது ஏலரான் கேபிள்கள் மாற்றி மாட்டப்பட்டிருந்தன. புகழ்பெற்ற லங்காஸ்டர் விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக் உட்பட நால்வர் இறந்தனர். தான் வடிவமைத்த விமானத்திலேயே அவர் இறந்தார்.

கம்ப்யூட்டர் வந்தால் தீர்ந்துவிடுமா? 2001 மார்ச் 20. ஃபிராங்க்ஃபர்ட்டில் லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ-320 புறப்பட்டது. இது முழுக்கக் கம்ப்யூட்டர் வழியாக இயங்கும் விமானம், ஏலரானுக்குக் கேபிளே கிடையாது. ஆனால் பராமரிப்பின்போது கேப்டனின் ஸ்டிக்குக்கான இணைப்பியில் ஒயர்கள் இடம் மாறியிருந்தன. இடது பக்கம் சாய்ந்த விமானத்தைக் கேப்டன் வலது பக்கம் திருப்ப, அது மேலும் இடது பக்கம் சாய்ந்தது. இறக்கை நுனி தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் வரை வந்துவிட்டது. சரியாக இருந்த தன் ஸ்டிக்கால் துணை விமானி காப்பாற்றினார். புறப்படும் முன் நடந்த சோதனையில் ஏலரான் அசைகிறதா என்று பார்த்தார்கள், எந்தத் திசையில் என்று பார்க்கவில்லை.

2018 நவம்பர் 11. போர்ச்சுகலில் பெரிய பராமரிப்பு முடிந்து புறப்பட்ட ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் 190, வானில் கட்டுப்பாடின்றிப் புரண்டது. காரணம், ஏலரான் கேபிள்கள் தவறாக மாட்டப்பட்டிருந்தன. விமானிகள் கம்ப்யூட்டர் உதவியைத் துண்டித்து நேரடி நிலைக்கு மாற்றிய பிறகே நிலைமை ஓரளவு கைக்குள் வந்தது. போராடி பேஜா விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். உள்ளே இருந்த ஆறு பேரும் உயிர் தப்பினர்.

வரைபடத்தை மாற்றுவதும் ஆபத்துதான். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று வீட்டில் கட்டப்பட்ட 'லாங் ஈ-இசட்' விமானத்தில் பறந்து கலிபோர்னியா கடலில் விழுந்து இறந்தார். அவர் அதை வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தார். எரிபொருள் டேங்க் மாற்றும் வால்வின் கைப்பிடியை, கட்டியவர் வரைபடத்தில் இல்லாதபடி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதை எட்டித் திருப்பும் முயற்சியில் வலது ரட்டர் பெடல் அழுத்தப்பட்டு விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணை அமைப்பு முடிவு செய்தது.

சோதனை எப்படி?

பறப்பவர்கள் சொல்லித்தரும் எளிய வழி ஒன்று உண்டு. ஸ்டிக்கைக் கட்டை விரல் நிமிர்ந்திருக்கும்படி பிடியுங்கள். சாய்க்கும்போது கட்டை விரல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அந்தப் பக்க ஏலரான் மேலே எழ வேண்டும். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் எலிவேட்டரின் பின் விளிம்பு மேலே வர வேண்டும். இடது பெடலுக்கு ரட்டர் இடது பக்கம்.

அசைகிறதா என்பது ஒரு கேள்வி. சரியான திசையா, கடைசித் தடுப்பு வரை போகிறதா, நடுவில் எங்காவது உரசுகிறதா, முனையில் வெற்று ஆட்டம் இருக்கிறதா என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எக்ஸெலில் ஒரு வரிசை போடுங்கள். தேதி, வெப்பநிலை, அளந்த டிகிரி, வரைபடம் சொல்லும் டிகிரி என்று நான்கு பத்திகள். இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் செல் சிவப்பாகும்படி 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' கொடுங்கள். செல்போனில் உள்ள கோணம் அளக்கும் ஆப் பழகிப் பார்க்கப் போதும். நிஜ விமானத்துக்கு டிஜிட்டல் கோணமானி தேவை.

ஐந்தாவது பத்தி மிக முக்கியம், அதில் இரண்டாவது ஆளின் கையெழுத்து. பிரிட்டனில் கண்ட்ரோல் இணைப்பைக் கழற்றி மாட்டினால், இருவர் தனித்தனியே சோதித்துக் கையெழுத்திட வேண்டும். மாட்டியவரின் கண் தான் நினைத்ததைத்தான் பார்க்கும். நாம் டைப் செய்த கடிதத்தில் நமக்கே எழுத்துப் பிழை தெரியாதது போல.

நீங்களே செய்து பார்க்க

விமானம் கட்டும் எண்ணம் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்குகள் வீணாகாது. ரிமோட் விமானம் விடும் உங்கள் பையனின் பொம்மையிலும் இதே புஷ்ராட், இதே நெம்புகோல்தான். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பிலிருந்து பாகங்களை இணைத்துப் பார்க்கும் 'அசெம்ப்ளி' வசதி அதிலேயே இருக்கிறது. ஒரு ஸ்டிக், ஒரு புஷ்ராட், ஒரு பெல்கிராங்க் வரைந்து இணைத்து நகர்த்திப் பாருங்கள். பிறகு ப்ளைவுட்டில் வெட்டி, எண்களை ஒப்பிடுங்கள்.

நிஜமாகவே கட்ட நினைப்பவர்கள் முதல் ரூபாயைக் கிட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். டி.ஜி.சி.ஏ. விதிகளைப் படியுங்கள், அனுமதி இல்லாமல் பறப்பது சட்டப்படி குற்றம். அடுத்து, உங்கள் வேலையைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் சோதிக்கக்கூடிய, விமானப் பராமரிப்பு தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அப்படி ஒருவர் கிடைத்த பிறகு பெட்டியைத் திறக்கலாம்.